அடையாள அட்டையும் ஊர்ப் பெயரும்

வாப்பாவின் தேசிய அடையாள அட்டை இப்போது என்னிடம் இருக்கிறது. ஓரங்கள் பிரிந்துபோன பிளாஸ்டிக் உறைக்குள் அவரது இளவயதுப் படம். பிறந்த இடம் யாழ்ப்பாணம், தொழில் தையல், வதிவிடம் சோனகதெரு. எழுத்துகள் சிங்களத்திலும் தமிழிலும் உள்ளன. எனது முதலாவது அட்டை புத்தளத்தில் பெறப்பட்டது. அதில் சிங்களம் மட்டுமே இருந்தது. என் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு, சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒரு நண்பனிடம் அதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. ஒரே வீட்டைச் சேர்ந்த தகப்பனும் மகனும், ஒரே திணைக்களத்திடமிருந்து இவ்வாறு இரண்டு விதமான அட்டைகளைப் பெற்றோம். அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தபோது எழுந்த யோசனைகளே இக்கட்டுரை.

ஒரு நாட்டுக்குத் தேசிய அடையாள அட்டை வேண்டுமா என்ற விவாதம் உலகின் பல பாகங்களிலும் நடந்திருக்கிறது. இலங்கையில் அவ்விவாதம் பெரிதாக நடக்காமலே முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டம் நிறைவேறியது. 1972இல் அட்டைகள் வழங்கத் தொடங்கினர். இன்று அது மீண்டும் விவாதத்துக்கு வந்திருக்கிறது. 2017இல் புதிய வடிவ அட்டை அறிமுகமானது. 2022 மார்ச்சில் இந்தியாவின் நன்கொடையுடன் தனித்துவ டிஜிற்றல் அடையாளத் திட்டமொன்றை நிறைவேற்றுவதற்கான உடன்படிக்கை கைச்சாத்தானது. விரலடையாளமும் கண்ணின் படமும் முகமும் ஒரே களஞ்சியத்தில் சேரும் காலத்துக்குள் நாம் நுழைந்துகொண்டிருக்கிறோம். ஆகவே, பழைய அட்டை எம்மை என்ன செய்தது என்பதை எழுதிவைப்பது பயனற்றதல்ல என எண்ணுகிறேன்.

முதலில் அந்த அட்டைக்குரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அதில் இனம் எழுதப்படவில்லை, மதமும் எழுதப்படவில்லை. பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும் இருந்தன. முதலிரு எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பதையும் குறித்தன. பெண்களாயின் அந்நாளுடன் 500 கூட்டப்பட்டது. 2016 முதல் இலக்கம் பன்னிரண்டு எண்களாக மாறிய பின்பும் அதே அமைப்பே தொடர்கிறது. இலக்கத்தை மட்டும் பார்த்து அதற்குரியவர் சிங்களவரா, தமிழரா, முஸ்லிமா என்று சொல்ல முடியாது. எமது பிறப்புச் சாட்சிப் பத்திரத்திலோ பெற்றோரின் இனம் 'இலங்கைச் சோனகர்' என்று எழுதப்பட்டிருக்கிறது. அட்டையில் அந்த வரி இல்லை.

எம்மை இன்னொருவர் எழுதிவைப்பது அட்டையுடன் தொடங்கிய கதையல்ல. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தில் தோம்பு எழுதினர்; ஒல்லாந்தர் அதனை விரிவாக்கினர். யாரிடம் எவ்வளவு காணி, யார் என்ன வரி, யார் என்ன சேவை என்பதெல்லாம் அந்தப் பதிவேடுகளுக்குள் வந்தன. ஒல்லாந்தர் ஆட்சியில் சோனகரும் செட்டிகளும் அந்நியர் என்ற வகுப்புக்குள் அடக்கப்பட்டு, 'ஊழியம்' எனும் கட்டாய சேவைக்கு உட்படுத்தப்பட்டனர். பல தலைமுறைகளாக இங்கே வாழ்ந்தவன் ஒரு பதிவின் மூலம் அந்நியன் ஆக்கப்படலாம் என்பதற்கு அதுவே எமது முதற் பாடம். பின்னர் 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டு எழுதிய கட்டுரையும், அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதி 1907இல் வெளியான மறுப்பும் இவ்விதழின் வாசகர்களுக்குப் புதியன அல்ல. சட்டசபை ஆசனம் பற்றிய போட்டி அதன் பின்னணியில் இருந்தது உண்மை. ஆயினும் அடியில் கிடந்த கேள்வி, எம்மைப் பற்றிய வரியை எழுதும் பேனா யாருடைய கையில் இருக்கிறது என்பதுதான்.

பதிவு இல்லாமல் போவதன் விபரீதத்தையும் இந்நாடு கண்டிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பிறப்பையும் வம்சாவளியையும் பத்திரங்களால் நிரூபிக்கும்படி கேட்டது. தோட்ட லயங்களில் பிறந்து வளர்ந்த இலட்சக்கணக்கான மலையகத் தமிழரிடம் அந்தப் பத்திரங்கள் இருக்கவில்லை. அவர்களுள் எஞ்சியிருந்தோரின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்துடனேயே பெருமளவு தீர்ந்தது. பர்மாவில் ரோஹிங்கியா முஸ்லிம்களின் நிலை இதைவிடக் கொடியது. 1982ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களைப் புறத்தே தள்ளியது. பின்னர் தற்காலிகமாகக் கொடுக்கப்பட்ட வெள்ளை அட்டைகளும் 2015இல் செல்லாதவையாக்கப்பட்டன. ஆகவே, 'அட்டையே வேண்டாம்' என்று நம்மில் ஒருவர் சொல்லும்போது என்னால் உடனடியாகத் தலையாட்ட முடிவதில்லை. அட்டை இல்லாதவனின் துயரம் அட்டை உள்ளவனின் துயரத்தைவிடப் பெரிது.

இனி எமது கதைக்கு வருகிறேன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஒஸ்மானியா கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டனர். இரண்டு மணித்தியாலங்களுக்குள் வெளியேறிவிட வேண்டும் என விடுதலைப் புலிகள் அறிவித்தனர். சாவகச்சேரி முஸ்லிம்கள் அதற்கு முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தனர். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் 70,000க்கும் மேற்பட்டோர். அன்று எவரும் எவரிடமும் அடையாள அட்டையைக் கேட்கத் தேவை இருக்கவில்லை. எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஒருவரை வேரோடு பிடுங்குவதற்கு அட்டை அவசியமில்லை என்பதை அட்டையை எதிர்ப்போர் கவனிக்க வேண்டும். 1983 ஜூலையில் தென்னிலங்கைத் தெருக்களில், வாளிக்குரிய சிங்களச் சொல்லை உச்சரிக்க வைத்தே தமிழரை இனங்கண்டார்கள். நாக்கே அங்கு அட்டையாக இருந்தது.

அந்த இரண்டு மணித்தியாலங்களில் எங்கள் வீட்டில் காணி உறுதியும் பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் அலுமாரியிலேயே விடப்பட்டன. ஒரு கிழமையில் திரும்பி வந்துவிடலாம் என்று உம்மா நம்பினார். வாப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் அடையாள அட்டை மாத்திரம் அவருடன் வந்தது. புத்தளத்துக்கு வந்து சேர்ந்தபோது, நாங்கள் யாழ்ப்பாணத்தார் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே எழுத்துச் சாட்சி அதுதான்.

முகாம் வாழ்க்கையில் இரண்டு மூன்று ஆண்டுகள் சென்றபின் முகவரி ஒரு பெரும் பிரச்சினையாக எழுந்தது. அடையாள அட்டை எடுக்கும் வயதை எட்டியவர்கள் எந்த ஊரை எழுதுவது? புத்தளம் என்று எழுதினால் பாடசாலை, தொழில், காணி ஆகியவற்றுக்கு வழி பிறக்கலாம். ஆனால் அகதிக்குரிய பதிவும் நிவாரணமும் என்னவாகும் என்ற அச்சம் இருந்தது. அதைவிடப் பெரிய அச்சம், யாழ்ப்பாணத்தை நாமே கையொப்பமிட்டுக் கைவிடுகிறோமா என்பது. யாழ்ப்பாணம் என்று எழுதினாலோ, வாழும் ஊரில் என்றென்றும் வெளியூரான். எமக்கு இடம் தந்த புத்தளத்து மக்களின் பெருந்தன்மை மறக்க முடியாதது. எனினும் வளங்கள் குறைந்த ஒரு மாவட்டத்தில், வேலையும் பல்கலைக்கழக அனுமதியும் பங்குபோடப்படும்போது அங்கும் மனக்கசப்புகள் தோன்றின. அதுவும் இயல்பே. ஒவ்வொரு கூடாரத்திலும் இந்த விவாதம் நடந்தது. நான் புத்தளம் என்று எழுதினேன். என் வயதினர் பலரும் அப்படித்தான் எழுதினர்.

வாப்பா மறுத்துவிட்டார். உறை பிரிந்து, படம் மங்கிப்போன பின்பும் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கவில்லை. "எடுத்தா விலாசத்தை மாத்திப் போடுவாங்கள்" என்பதே அவரது ஒரே பதில். அக்காலத்தில் எனக்கு அது வீண் பிடிவாதமாகத் தோன்றியது.

எனது அட்டை சிங்களத்தில் மட்டும் இருந்ததன் காரணத்தைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். வடக்கிலும் கிழக்கிலும் வழங்கப்பட்ட அட்டைகள் சிங்களத்திலும் தமிழிலும் அமைந்தன. ஏனைய மாகாணங்களில் சிங்களத்தில் மட்டும் வழங்கப்பட்டன. புத்தளம் வடமேல் மாகாணத்தில் இருக்கிறது. தமிழ் பேசும் ஒருவனுக்குத் தன் அட்டையை வாசிக்க முடியாத நிலை ஒருபுறம். மறுபுறத்தில், தமிழ் எழுத்துள்ள அட்டையை நீட்டுபவர் வடக்கு கிழக்கைச் சேர்ந்தவர் என்பதைச் சோதனைச்சாவடியில் நிற்பவர் பெயரை வாசிக்குமுன்பே அறிந்துகொண்டார். இனம் எழுதப்படாத அட்டையில் மொழி அந்த வேலையைச் செய்தது. 2014 முதல்தான் நாடு முழுவதும் இரு மொழிகளிலும் அட்டை வழங்கும் நடைமுறை வந்தது. சட்டம் வந்து 46 ஆண்டுகள் கழிந்த பின்னர்!

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கொழும்பில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஓர் இரவு பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் என் வயதுடைய ஒருவர் நின்றார். அவரது அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். எனது அட்டையிலும் அதுவே. அவரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். என்னுடையதை வாங்கியவர் ஊர்ப் பெயரில் சற்று நின்றார், பின்னர் பெயரை வாசித்தார், 'முஸ்லிமா?' என்று சிங்களத்தில் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார். பஸ் புறப்பட்டது. அந்த இளைஞர் ஏறவில்லை. அவர் கொக்குவிலோ மானிப்பாயோ, என்னைப் போலவே நல்லூர்த் திருவிழாவில் ஐஸ்கிறீம் குடித்து வளர்ந்தவராக இருக்கலாம். நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தாலும் பயன் இருந்திராது என்று பல தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். 1990இல் எம்மை ஊரைவிட்டுத் துரத்திய அதே பெயர், அந்த இரவில் என்னை மீண்டும் பஸ்ஸில் ஏற்றியது.

எமது துயரத்தைப் பேசும்போது தமிழ் மக்கள் சுமந்த அட்டைகளையும் சேர்த்துப் பேசுவதே நீதி. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே செல்வதற்குப் பாஸ் வேண்டும். செல்பவருக்காக இன்னொருவர் பிணை நிற்க வேண்டும். தமிழர் ஒருவர் வெளியேறுவதற்குப் பாஸ் கேட்டு நின்ற அதே காலத்தில், முஸ்லிம் ஒருவர் தங்குவதற்கு எந்தப் பாஸும் இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, நாம் வெளியேற்றப்பட்டு நாள் தவறாமல் ஐந்து ஆண்டுகள் நிறைவுற்றபோது, வலிகாமத்து மக்கள் முழுப் பேருமே செம்மணி வெளியூடாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர வைக்கப்பட்டார்கள். இராணுவம் குடாநாட்டைக் கைப்பற்றிய பின்னர், அங்கு வாழ்ந்தோர் தேசிய அடையாள அட்டைக்கு மேலதிகமாக இராணுவம் வழங்கிய அட்டையையும் காவித் திரிந்தனர். வவுனியாவில் நடைமுறையிலிருந்த பாஸ் முறையினால் நடமாட்டச் சுதந்திரம் மீறப்படுவதாக 2002இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அவர்களிடம் தேசிய அடையாள அட்டை இல்லாமலா இருந்தது? அந்த அட்டையே அவர்களது ஊரைக் காட்டிக்கொடுத்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது.

உலக வரலாற்றில் அடையாளப் பத்திரத்துக்கு எதிரான மிகப் பெரிய போராட்டங்களில் ஒன்று பள்ளிவாசல் முற்றத்தில் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தென்னாபிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் விரலடையாளமிட்டுப் பதிவுப் பத்திரம் பெற வேண்டும் என்ற சட்டம் வந்தபோது, 1906 செப்டெம்பர் 11ஆம் திகதி ஜொஹனஸ்பேர்க் நகரில் பெருங்கூட்டம் கூடியது. அதில் இறைவனைச் சாட்சியாக வைத்து, இச்சட்டத்துக்குப் பணியமாட்டோம் என்று சத்தியம் செய்யும் யோசனையை எழுப்பியவர் ஹாஜி ஹபீப். காந்தியின் சத்தியாக்கிரகம் அந்தச் சத்தியத்திலிருந்தே கிளைத்தது. 1908 ஓகஸ்ட் 16ஆம் திகதி ஹமீதியா பள்ளிவாசல் வளவில் 2,000க்கும் மேற்பட்ட பத்திரங்கள் தீயிடப்பட்டன. குஜராத்தி முஸ்லிம் வணிகரும் தம்பி நாயுடு போன்ற தமிழரும் அங்கு ஒன்றாக நின்றனர். அவர்கள் பதிவு என்ற செயலையே வெறுத்தார்கள் என்பதல்ல. சில மாதங்களுக்கு முன்னர், சுயவிருப்பில் பதிவு செய்யலாம் என்ற இணக்கத்தை அவர்களே ஏற்றிருந்தனர். ஓரினத்தாரை மட்டும் குற்றவாளிகளைப்போல் நிறுத்திப் பதிவதையே மறுத்தார்கள்.

இனத்தை எழுதிவைப்பதன் உச்சத்தை ருவாண்டா காட்டியது. பெல்ஜியர் 1930களில் அறிமுகம் செய்த அட்டைகளில் ஹூட்டு, டுட்சி, ட்வா என இனம் எழுதப்பட்டது. சுதந்திரத்தின் பின்னும் எவரும் அந்த வரியை நீக்கவில்லை. 1994இல் வீதித் தடைகளில் அந்த ஒரு சொல் உயிரைத் தீர்மானித்தது. பிரித்தானியாவின் அனுபவம் வேறு. 1939இல் யுத்தத்துக்காக வந்த அட்டை, யுத்தம் முடிந்தும் தொடர்ந்தது. 1950இல் வில்கொக் என்பவர் வீதியில் மறித்த பொலிஸாரிடம் அட்டையைக் காட்ட மறுத்தார். வழக்கில் அவர் குற்றவாளியாகவே காணப்பட்டாலும், யுத்தகாலச் சட்டத்தை இவ்வாறு பயன்படுத்துவதை நீதிபதிகள் கண்டித்தனர். 1952இல் அட்டை ஒழிந்தது. 2006இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட சட்டமும் 2010இல் நீக்கப்பட்டது. அட்டையைக் கேட்கும் அதிகாரத்துக்கு எல்லை எது என்று அங்கே மக்கள் கேட்டார்கள். நாம் அதைக் கேட்கவே இல்லை.

எனது பெயரின் கதை தொண்ணூறுகளுடன் முடியவில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளின் பின்னர், என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்ட பெயர் என்னை ஓரமாக நிற்க வைத்தது. ஏப்ரல் 29 முதல் அவசரகால விதிகளின்கீழ் முகத்தை மறைப்பது தடைசெய்யப்பட்டது. கடைகளிலும் அலுவலகங்களிலும் எமது பெண்களின் தலை முக்காட்டையும்கூடச் சிலர் கழற்றச் சொன்னார்கள். அட்டையில் ஒரு புள்ளியும் மாறவில்லை. அதை வாசிக்கும் கண் மாறியிருந்தது. அப்போதுதான் அந்த இளைஞரை நான் மீண்டும் நினைத்தேன். அவர் நின்ற இடத்தில் நிற்பது எப்படியிருக்கும் என்பதைக் கால் நூற்றாண்டு கழித்தே அறிந்தேன்.

2002இல் ஏ-9 பாதை திறந்தபின் வாப்பாவும் நானும் ஊர் பார்க்கப் போனோம். வழியில் ஒரு பதிவு மேசையில் இருந்த இளைஞர் வாப்பாவின் அட்டையை வாங்கி, பெயரையும் விலாசத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயா எப்ப வெளிக்கிட்டனீங்கள்?" என்றார். "தொண்ணூறிலே" என்றார் வாப்பா. அவர் நிமிர்ந்து பார்க்காமலே பதிவை எழுதி அட்டையை நீட்டினார். சோனகதெருவில் எங்கள் வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. முற்றத்தில் வளர்ந்திருந்த வேம்பைப் பிடித்துக்கொண்டு வாப்பா சிறிது நேரம் நின்றார்.

யுத்தம் முடிந்து மீள்குடியேற்றம் பற்றிப் பேச்செழுந்தபோது எமக்குக் கிடைத்த கேள்வி எளிமையானது: நீங்கள் இப்போது எங்கே பதிவு? என்னுடைய அட்டை புத்தளம் என்றது. வாக்காளர் இடாப்பும் அதையே சொன்னது. ஓர் அலுவலகத்தில் வாப்பாவின் அட்டையை வைத்தோம். இது மிகப் பழையது, இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். துரத்தப்பட்டவன் தங்கிய இடத்தில் ஒரு முகவரி எழுதினால், துரத்தப்பட்ட இடத்துக்குரிய உரிமை அழிந்துவிடுமாம்! கடைசியில் எமக்குக் கைகொடுத்தது எந்த அட்டையுமல்ல. எங்கள் வீட்டுக்குப் பின்புறத்தில் குடியிருந்த ஒரு தமிழ்ப் பெரியவர், 'இந்தக் குடும்பம் இந்த வளவில்தான் இருந்தது, நானறிவேன்' என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். அவ்வெழுத்தை வைத்தே மற்றக் காரியங்கள் நகர்ந்தன. மனிதர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது பற்றி எமது மார்க்கம் போதிப்பதை, நான் அந்தத் துண்டுக் கடதாசியில்தான் முழுமையாக விளங்கிக்கொண்டேன்.

ஆகவே, அட்டை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால், வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் நிபந்தனைகளுடன். அதில் இனமும் மதமும் இனியும் எழுதப்படக்கூடாது. புதிய களஞ்சியத்தின் மறைவான பக்கங்களிலும் அவை இருக்கக்கூடாது. இரு மொழியும் எல்லோருக்கும் இருக்க வேண்டும். முகவரி என்பது ஒருவர் இன்று உறங்கும் இடத்தின் குறிப்பேயன்றி, அவரது ஊருரிமைக்கான தீர்ப்பு ஆகக்கூடாது. பலவந்தமாக வெளியேற்றப்பட்டோருக்கு இது சட்டத்தில் எழுதப்பட வேண்டும். அட்டையை யார், எங்கே, எக்காரணத்துக்காகக் கேட்கலாம் என்பதற்கு எல்லை வேண்டும். எமது தரவுகளை யார் திறந்து பார்த்தார்கள் என்பதை நாம் அறிய வழி வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது, ஆதார் வழக்குகளின் ஊடாகத்தான். இலங்கையிலும் 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அச்சட்டம் ஒரு சோதனைச்சாவடியில், நள்ளிரவில், வரிசையில் நிற்கும் ஒருவனுக்குப் பயன்படுமா என்பதே எனது அளவுகோல்.

வாப்பா புத்தளத்தில்தான் மௌத்தானார். மரணத்தைப் பதிவு செய்யப் போனபோது அவரது அடையாள அட்டையைக் கேட்டார்கள். கொடுத்தேன். எழுதுபவர் விலாசத்தைப் பார்த்துவிட்டு, நிரந்தர வதிவிடம் எது என்று போடுவது என்று கேட்டார். அட்டையில் உள்ளதையே போடுங்கள் என்றேன்.